ரோகிணி: கூட்டத்தில் சேராத செம்பெருமீன்

டிசம்பர் மாத முன்னிரவில், கிழக்கு வானில் ஓரியன் மண்டலம் மேலெழுந்த பின், அதன் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை மனத்தளவில் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டைக் கார்த்திகைக் கொத்து இருக்கும் திசையில் நீட்டினால், ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒளிரும் ஒரு விண்மீனின் அருகே அது போய்ச் சேரும். அதுவே ரோகிணி. உலக வானியலில் அதன் பெயர் அல்டெபரான். இரவு வானின் பிரகாசமான விண்மீன்களின் வரிசையில் அதற்குப் பதினான்காவது இடம். கருவி எதுவும் இல்லாமலேயே நிறத்தைத் தெளிவாகப் பிரித்தறியக்கூடிய சில விண்மீன்களில் ஒன்று என்பதால், விண்மீன்கள் எல்லாம் வெண்ணிறப் புள்ளிகள் என்று எண்ணுபவருக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

இந்த விண்மீனுக்குப் பல நாகரிகங்கள் பெயர் சூட்டியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அது எதன் பின்னால் வருகிறது, எந்த உருவத்தின் எந்த உறுப்பில் அமைந்திருக்கிறது, எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து தெரிகிறது என்று அதன் சுற்றத்தை வைத்தே அமைந்தவை. கடந்த முந்நூறு ஆண்டுகளில் கிடைத்த அளவீடுகளோ அந்தச் சுற்றம் முழுவதும் பார்வைக் கோணத்தின் விளைவே என்று காட்டுகின்றன. ரோகிணிக்கு உண்மையில் சொந்தமானவை அதன் நிறமும், அந்த நிறத்துக்குப் பின்னால் உள்ள நீண்ட வாழ்க்கை வரலாறும் மட்டுமே.

அரபு வானியலாளர்கள் இட்ட பெயர் 'அத்தபரான்'. பின்தொடர்வது என்று பொருள். வானம் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழல்வதாகத் தெரியும்போது முதலில் கார்த்திகைக் கொத்து எழுகிறது; ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ரோகிணி எழுகிறது; இரவு முழுவதும் அதே இடைவெளியில் பின்னாலேயே வருகிறது. இடைக்கால ஐரோப்பாவுக்கு அரபு நூல்களின் வழியே சென்ற விண்மீன் பெயர்களில் இதுவும் ஒன்று. சீன வானியல் அப்பகுதியை ஒரு வலையாகக் கண்டு, இதனை அந்த வலையின் ஐந்தாம் விண்மீன் என்று எண்ணிட்டது. கிரேக்க மரபிலும் பின்வந்த ஐரோப்பிய வரைபடங்களிலும் அது காளையின் முகத்தில் அமைந்த கண்.

இந்திய மரபில் ரோகிணி இருபத்தேழு நாள்மீன்களில் நான்காவது. தமிழில் அதற்குச் சகடு, சகடம் என்ற பெயர்களும் உண்டு. ரோகிணியையும் அதை ஒட்டி ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் தெரியும் மங்கலான மீன்களையும் சேர்த்து ஒரு வண்டியாகக் கண்டதால் வந்த பெயர் அது. சிலப்பதிகாரம் கோவலன், கண்ணகி திருமண நாளைக் குறிக்கும்போது, மதி சகடை அணைந்த நேரம் என்று இந்தப் பெயராலேயே சொல்கிறது. நெடுநல்வாடையில், கட்டிலின் மேலே கட்டப்பட்ட விதானத்தில் நிலவும் உரோகிணியும் இணைந்திருக்கும் ஓவியத்தைப் பார்த்து, கணவனைப் பிரிந்திருக்கும் அரசி நெடுமூச்சு விடுகிறாள். நிலவுக்கு ரோகிணியின் மேல் தனிக் காதல் என்ற புராணக் கதையின் அடியில் ஒரு கண்கூடான நிகழ்வு இருக்கிறது: நிலவு தன் மாதச் சுற்றில் இந்த விண்மீனை மிக நெருங்கிக் கடக்கிறது, சில ஆண்டுகளில் அதை முழுவதுமாகவே மறைத்துவிடுகிறது. பழைய வடமொழி வானியல் நூலான சூரிய சித்தாந்தம் இதே வண்டி உருவத்தைக் கணிதமாக்கி, ரிஷப ராசியின் 17ஆம் பாகையில் 2 பாகைக்கு மேல் தெற்கே விலகி நிற்கும் கோள் ரோகிணியின் சகடத்தைப் பிளக்கும் என்று வரையறுத்தது.

ரோகிணி என்ற பெயரின் பொருள் 'சிவந்தவள்'. மற்ற எல்லாப் பெயர்களும் பக்கத்தில் இருப்பவற்றைச் சார்ந்து நிற்க, இது ஒன்றுதான் விண்மீனின் சொந்தப் பண்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் தாலமி தொகுத்த விண்மீன் அட்டவணையும் இதைச் செந்நிறமானது என்றே குறிப்பதால், இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த நிறம் மாறாமல் இருக்கிறது என்பதற்கு எழுத்துச் சான்றும் கிடைத்துவிடுகிறது.

அட்டவணைப் பெயர்களை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. 1603இல் யோகான் பையர் வெளியிட்ட வான வரைபடம் ஒவ்வொரு மண்டலத்தின் மீன்களுக்கும் கிரேக்க எழுத்துகளை வழங்கியபோது, ரிஷப மண்டலத்தின் ஆல்பா என்ற இடம் இதற்குக் கிடைத்தது. பின்னர் ஃபிளாம்ஸ்டீட் எண் முறையில் அதே மண்டலத்தின் 87ஆம் மீனாகவும், 20ஆம் நூற்றாண்டின் பட்டியல்களில் வேறு பல எண்களாலும் அது குறிக்கப்பட்டது. விண்மீன் பெயர்களை முறைப்படுத்தப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2016இல் ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த அதன் முதல் அறிக்கையிலேயே அல்டெபரான் என்ற பெயர் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.

அந்தச் சுற்றத்தின் கதை தொலைவை அளந்தபோது கலைந்தது. வண்டியாகவும் வலையாகவும் காளை முகமாகவும் கற்பனை செய்யப்பட்ட மங்கலான மீன்கள் ஹையாடெஸ் என்ற விண்மீன் கொத்தைச் சேர்ந்தவை. ஒரே மேகத்திலிருந்து ஒன்றாகப் பிறந்து ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கொத்து நம்மிடமிருந்து சுமார் 153 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; அதன் வயது 60 கோடி ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். ரோகிணியோ சுமார் 66 ஒளியாண்டுத் தொலைவில், பாதி வழிக்கும் முன்னாலேயே, தனியாக நிற்கிறது. அதன் வயது ஏறத்தாழ 640 கோடி ஆண்டுகள் என்று மதிப்பிடப்படுகிறது. கொத்து பிறப்பதற்கு ஐந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்பே பிறந்துவிட்ட ஒரு மீன், நம் பார்வைக் கோட்டில் குறுக்கிட்டதால் மட்டுமே அந்தக் கொத்தின் தலைவனாகத் தோற்றமளிக்கிறது. அது பின்தொடர்வதாகச் சொல்லப்பட்ட கார்த்திகைக் கொத்து இன்னும் தொலைவில், 400 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது.

இதில் நான் மிகவும் விரும்பும் விவரம் ஒன்று உண்டு. 1782இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் ரோகிணிக்கு ஏறத்தாழ இரண்டு கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தூரத்தில் ஒரு மங்கலான மீனைக் கண்டார். அது இரட்டை மீன் என்பது ஒரு நூற்றாண்டு கழித்துத் தெரியவந்தது. நகர்வையும் தொலைவையும் ஆராய்ந்தபோது, ரோகிணியின் ஒளியில் மூழ்கிக் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் அந்த மங்கலான இரட்டைதான் ஹையாடெஸ் கொத்தின் உண்மையான உறுப்பினர் என்று ஆயிற்று. கொத்தின் முகமாக இரண்டாயிரம் ஆண்டுகள் கொண்டாடப்பட்ட மீன் அதைச் சேர்ந்ததல்ல.

ரோகிணி அசைகிறது என்ற எண்ணமும் இந்த வரலாற்றில் முக்கியமானது. கி.பி. 509 மார்ச் 11 அன்று நிலவு ரோகிணியை மறைத்ததாக ஆதென்ஸ் நகரில் பதிவான குறிப்பு ஒன்றை ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி ஆராய்ந்தார். பழைய அட்டவணைகளோடும் ஒப்பிட்டுப் பார்த்து, ரோகிணி, சிரியஸ், சுவாதி ஆகிய மூன்றும் தம் இடத்திலிருந்து நகர்ந்திருக்க வேண்டும் என்று 1718இல் அறிவித்தார். விண்மீன்கள் நிலையானவை என்ற நெடுங்கால நம்பிக்கையை உடைத்த அறிவிப்பு அது. ஆனால் இன்றைய அளவின்படி ரோகிணியின் நகர்வு ஆண்டுக்கு 0.2 விகலை (ஒரு விகலை என்பது கலையில் அறுபதில் ஒரு பங்கு), தாலமி காலத்திலிருந்து ஹாலி காலம் வரை கூட்டினாலும் அது 6 கலையைத் தாண்டாது, பழைய அட்டவணையில் இயல்பாக இருக்கும் பிழையே அதைவிடப் பெரிது. ஹாலியின் முடிவுக்கு வலுவான சான்றாக நின்றவை வேகமாக நகரும் சிரியஸும் சுவாதியும்தான். ரோகிணியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி, ஆனால் அதை நிறுவும் அளவுக்கு அன்றைய தரவில் நுண்மை இல்லை.

தொலைவை நம்பகமாக அளந்தது 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கஸ் விண்கலம். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள மீன் தன் பின்னணியில் சற்றே இடம் மாறித் தெரியும். ரோகிணிக்கு அந்த இடமாற்றக் கோணம் ஏறத்தாழ 0.049 விகலை. அதற்குப் பின் வந்த கயா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட மீன்களை அதைவிடத் துல்லியமாக அளந்திருந்தாலும், ரோகிணி போன்ற மிகப் பிரகாசமான மீன்கள் அதன் உணரிகளைத் திணறடித்துவிடுவதால், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இந்த மீனுக்கு நாம் இன்னும் பழைய அளவீட்டையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

அதன் குறுக்களவை அறிய நிலவே ஒரு கருவியாகிறது. ரோகிணி சூரியன் செல்லும் பாதைக்குத் தெற்கே ஏறத்தாழ ஐந்தரைப் பாகையில் இருக்கிறது. நிலவின் பாதை சாய்ந்திருக்கும் அளவோ ஐந்து பாகைக்குச் சற்று அதிகம். ஆகவே நிலவுப் பாதையின் சாய்வு உரிய திசையில் திரும்பும் சில ஆண்டுகளில் மட்டும், 18.6 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் தொடராக, நிலவு மாதந்தோறும் ரோகிணியை மறைக்கும். 2015 ஜனவரி 29இல் தொடங்கி 2018 செப்டம்பர் 3 வரை அப்படி 49 மறைப்புகள் நிகழ்ந்தன. அடுத்த தொடர் 2033இல் தொடங்குகிறது. மறைப்பின்போது நிலவின் விளிம்பு ஒரு நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. ரோகிணி வெறும் புள்ளியாக இருந்தால் அதன் ஒளி கணத்தில் அணைந்துவிட வேண்டும். ஆனால் வேகமான ஒளிமானிகளில் பார்த்தால், ஒரு நொடியின் நூறில் நான்கு பங்கு நேரம் எடுத்துக்கொண்டு படிப்படியாக அணைகிறது. அந்த மிகச் சிறு தாமதத்தைக் கோணமாக மாற்றினால் 0.02 விகலை கிடைக்கிறது. பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து அளக்கும் குறுக்கீட்டுமானிகளும் இதே அளவைத்தான் தருகின்றன.

கோணமும் தொலைவும் தெரிந்த பின் உண்மையான அளவைக் கணக்கிடுவது எளிது. ரோகிணியின் ஆரம் சூரியனின் ஆரத்தைப்போல் சுமார் 45 மடங்கு, அதாவது 3 கோடி கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், அதன் மேற்பரப்பு புதன் கோளின் சுற்றுப்பாதையில் பாதித் தூரத்தைத் தாண்டி நிற்கும். பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அது வானத்தில் 24 பாகை அகலத்தை அடைத்துக்கொள்ளும். இப்போது சூரியன் அடைத்துக்கொள்வது அரைப் பாகைதான்.

இத்தனை பெரிய உடலில் உள்ள பொருள் எவ்வளவு என்று கேட்டால், சூரியனைவிட வெறும் 16 சதவீதம் அதிகம். 45 மடங்கு ஆரம் என்றால் ஏறத்தாழ 90,000 மடங்கு கன அளவு. அந்த வெளியில் 1.16 சூரிய நிறையைப் பரப்பினால் சராசரி அடர்த்தி, நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் எழுபதில் ஒரு பங்குதான் தேறும். சராசரி என்ற சொல் இங்கே உண்மையை மறைக்கவும் செய்கிறது: நிறையில் பெரும்பகுதி நடுவில் மிகச் சிறிய உள்ளகத்தில் இறுகிக் கிடக்க, வெளிப்பகுதி ஏறக்குறைய வெற்றிடத்தை ஒத்த மெல்லிய வாயு. மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் அறுபதில் ஒரு பங்கு அளவே என்பதால், தன் வெளியடுக்குகளை அந்த மீன் தளர்வாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது.

மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின், சூரியனுக்கு 5,770. ஒரு பொருள் வெளிவிடும் ஆற்றல் அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பதால், ரோகிணியின் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனின் அதே பரப்பு தரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கையே தருகிறது. ஆனால் அதன் பரப்பளவு சூரியனைப்போல் 2,000 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் மொத்த ஒளிர்திறன் சூரியனைப்போல் 400 மடங்குக்கு மேல் வருகிறது. குளிர்ந்த மேற்பரப்பும் பேரளவு ஒளியும் ஒருசேர இருக்க முடியுமா என்ற ஐயத்துக்கு இந்த எளிய பெருக்கலே விடை. சிவப்பு மீன்களில் மிகவும் மங்கலானவை, மிகவும் பிரகாசமானவை என இரு வகை உண்டு என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எய்னார் ஹெர்ட்ஸ்பிரங் கண்டறிந்தது இந்த வழியில்தான்: ஒரே நிறம் என்றால் ஒரே வெப்பநிலை, ஒரே வெப்பநிலையில் பல நூறு மடங்கு ஒளி என்றால் பரப்பு பெரிது. சிவப்பு அரக்கன் என்றும் செம்பெருமீன் என்றும் தமிழில் வழங்கும் பெயர்கள் இப்படி அளவால் பெருத்த வகைக்கு உரியவை.

சிவப்பு என்று சொன்னாலும் கண்ணுக்குத் தெரிவது ஆரஞ்சு நிறமே. 3,900 கெல்வினில் ஒளிவீச்சின் உச்சம் கண்ணுக்குப் புலப்படும் நிறங்களின் சிவப்பு எல்லையில், ஏறத்தாழ 740 நானோமீட்டரில் அமைகிறது. மொத்த ஆற்றலில் பாதிக்கு மேல் அகச்சிவப்பாகவே வெளியேறுகிறது. அகச்சிவப்புக் கண் நமக்கு இருந்திருந்தால் ரோகிணி இன்னும் பல இடங்கள் முன்னேறி வானின் முதன்மை மீன்களில் ஒன்றாகத் தெரிந்திருக்கும்.

இந்தப் பெருக்கம் எதனால் ஏற்பட்டது என்பதுதான் செம்பெருமீன்களைப் பற்றிய மையக் கேள்வி. ரோகிணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சூரியனைப் போன்ற சாதாரண மீனாகவே, உள்ளகத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக்கொண்டு கழித்தது. ஒரு கட்டத்தில் உள்ளகத்தின் ஹைட்ரஜன் தீர்ந்தது. எஞ்சிய ஹீலியம் அணுக்கரு இணைவுக்குப் போதுமான வெப்பத்தை எட்டியிருக்கவில்லை; ஆற்றல் உற்பத்தி நின்ற உள்ளகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்கியது. சுருங்கச் சுருங்க அதைச் சுற்றியிருந்த ஹைட்ரஜன் அடுக்கு மேலும் அழுந்திச் சூடேறி, ஒரு மெல்லிய ஓடாக எரியத் தொடங்கியது. அந்த ஓட்டில் நடக்கும் இணைவு கரிமம், நைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவற்றை இடைப்பொருளாகக் கொண்ட சுழற்சி வழியே நிகழ்வது. வெப்பநிலை சிறிது ஏறினாலும் அதன் வேகம் பன்மடங்கு எகிறும். எரிந்து உண்டாகும் ஹீலியம் உள்ளகத்தின் மேல் படிந்து அதை மேலும் கனமாக்க, ஓடு மேலும் சூடாகிறது. எரிபொருள் தீர்ந்த பின் மீன் மங்குவதற்குப் பதிலாக முன்னைவிடப் பல நூறு மடங்கு ஒளிர்வதன் காரணம் இந்தச் சுழல்தான்.

மிகுதியான ஆற்றல் உள்ளிருந்து தள்ளுவதால் மீன் ஊதிப் பெருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது தவறில்லை, ஆனால் பாதி விளக்கம்தான். ஆற்றல் அதிகரித்தால் மேற்பரப்பு ஏன் நீலமாகக் கொதிக்கக் கூடாது, ஏன் சிவந்து விரிய வேண்டும் என்பதற்கு மறுபாதி தேவை. ஜப்பானிய இயற்பியலாளர் சூஷிரோ ஹயாஷி 1961இல் அதைத் தெளிவாக்கினார். விரியும் உறை குளிர்கிறது. குளிர்ந்த வாயு ஒளியை எளிதில் கடத்தாததால் உறை முழுவதும் கொதிக்கும் நீரைப் போல் மேலும் கீழும் புரளும் வெப்பச்சலனத்துக்கு மாறுகிறது. அந்த நிலையில் மேற்பரப்பு ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே குளிரவும் முடியாது, ஏனெனில் ஒளியைத் தடுத்து நிறுத்தும் எதிர்மின் ஹைட்ரஜன் அயனிகள் வெப்பம் குறையும்போது அரிதாகி, மேற்பரப்பே ஒளி ஊடுருவக்கூடியதாகிவிடுகிறது. இவ்வாறு வெப்பநிலை ஏறத்தாழ நிலைத்துவிட, உள்ளிருந்து கூடிக்கொண்டே வரும் ஆற்றலை வெளியேற்ற மீனுக்கு இருக்கும் ஒரே வழி பரப்பைப் பெருக்குவது. செம்பெருமீன்கள் அளவில் வெகுவாக வேறுபட்டாலும் நிறத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பதன் காரணமும் இதுவே.

ஆழத்திலிருந்து புரண்டு வரும் இந்த வாயு, முன்பு இணைவு நடந்த பகுதிகளின் எச்சத்தையும் மேலே கொண்டு வருகிறது. ரோகிணியின் மேற்பரப்பில் சாதாரண கரிமத்தோடு ஒப்பிடும்போது கனமான கரிமம் 13இன் பங்கு சூரியனில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. உள்ளே நடந்த அணுக்கருச் சமையலின் நேரடித் தடயம் அது. அதன் நிறமாலையைப் படிக்கும் முயற்சி புதிதும் அல்ல. 1864இல் லண்டனில் தம் வீட்டை ஒட்டிய ஆய்வகத்தில் வில்லியம் ஹக்கின்ஸ், வேதியியலாளர் மில்லருடன் சேர்ந்து இந்த மீனின் ஒளியைப் பிரித்து, இரும்பு, சோடியம், கால்சியம், மக்னீசியம் உள்ளிட்ட ஒன்பது தனிமங்களின் கோடுகளை அதில் அடையாளம் கண்டார். விண்மீன்கள் பூமியில் கிடைக்கும் அதே பொருள்களால் ஆனவை என்பதை நிறுவிய ஆரம்பச் சான்றுகளில் ரோகிணிக்கும் பங்கு உண்டு.

மேற்பரப்புக்கு வெளியேயும் அந்த மீன் முடிந்துவிடுவதில்லை. அதன் ஆரத்தைப்போல் இரண்டரை மடங்கு தூரம் வரை, சுமார் 1,500 கெல்வின் வெப்பத்தில், கார்பன் மோனாக்சைடும் நீராவியும் நிலைத்திருக்கக்கூடிய ஒரு மூலக்கூறு அடுக்கு பரவியிருக்கிறது. ஒரு விண்மீனைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் மிதக்கின்றன என்பது முதலில் கேட்பவருக்கு நம்ப முடியாததாகத்தான் இருக்கும். அதற்கும் அப்பால் மெதுவான காற்றாகப் பொருள் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதன் அளவு சூரியக் காற்றைவிடப் பல நூறு மடங்கு.

இனி நடக்கப்போவது அதன் நிறையிலிருந்தே ஊகிக்கத்தக்கது. ஹீலியம் உள்ளகம் சூரிய நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவை எட்டும்போது, அதன் வெப்பம் 10 கோடி கெல்வினைத் தொட்டு, ஹீலியம் கரிமமாக மாறத் தொடங்கும். இறுகிய நிலையில் உள்ள உள்ளகம் விரிந்து தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாததால் அந்தத் தொடக்கம் ஒரு வெடிப்பாக நிகழும். ஆனால் வெளிவரும் ஆற்றல் முழுவதையும் உள்ளகத்தின் இறுக்கத்தைத் தளர்த்துவதே விழுங்கிவிடுவதால் வெளியே எதுவும் தெரியாது. அதன் பிறகு ரோகிணி இப்போது இருப்பதைவிடச் சிறியதாகவும் மங்கலாகவும் மாறி, நீண்ட காலம் ஹீலியத்தை எரித்திருக்கும். மீண்டும் ஒரு முறை பெருத்து, உறையை இழந்து, கடைசியில் சூரிய நிறையில் பாதியளவு கொண்ட, இணைவு நின்றுபோன சிறிய அடர்ந்த உள்ளகமான வெண்குறுமீனாக எஞ்சும். நம் சூரியன் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் உள்ளக ஹைட்ரஜனைத் தீர்த்து இதே வழியில் இறங்கும் என்பதால், 1.16 சூரிய நிறை கொண்ட இந்த மீன் நம் சூரியனின் முதுமையை நேரில் ஆராயக் கிடைத்த மிக அருகிலுள்ள வாய்ப்புகளில் ஒன்று.

அந்த 1.16 என்ற எண் கிடைத்த விதமும், ஒரு கோளைப் பற்றிய சர்ச்சையும் பின்னிப் பிணைந்தவை. 1993இல் ஹாட்ஸெஸ், காக்ரன் ஆகிய இரு வானியலாளர்களும் ரோகிணி, சுவாதி, போலக்ஸ் ஆகிய மூன்று பெருமீன்களும் நம்மை நோக்கியும் விலகியும் மெல்ல ஊசலாடுவதைக் கண்டறிந்தனர். போலக்ஸுக்கு ஒரு கோள் இருப்பது 2006இல் உறுதியானது. 2015இல் ஹாட்ஸெஸ் குழு, ரோகிணியை 629 நாளுக்கு ஒரு முறை சுற்றும், வியாழனைப்போல் ஆறரை மடங்கு நிறையுள்ள கோள் ஒன்று இருப்பதாக அறிவித்தது. 2018இல் வேறொரு குழு அதே வேகத் தரவுக்குள் சில நாள் காலத்தில் ஏறி இறங்கும் நுண்ணிய அதிர்வுகளைப் பிரித்தெடுத்து, அவற்றிலிருந்து மீனின் நிறையைத் துல்லியமாக்கியது. ஆனால் 2019இல், இன்னொரு ஆய்வகத்தின் நீண்டகாலத் தரவைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒரு கோள் காட்ட வேண்டிய ஒழுங்கு அதில் இல்லை என்று காட்டினர். ரோகிணியைப் போலவே அமைந்த காமா டிராகோனிஸ் என்ற மீனில் 702 நாள் காலத்தில் தெரிந்த அத்தகைய ஊசலாட்டம் 2011 முதல் 2013 வரை மறைந்தே போயிருந்தது. உண்மையான கோள் அப்படி விடுப்பு எடுக்காது. செம்பெருமீன்கள் தம்மைத் தாமே ஒரு முறை சுற்றுவதற்கு ஓராண்டுக்கும் மேல் எடுத்துக்கொள்பவை. அவற்றின் உறையில் இதே கால அளவில் ஊசலாடும் நிகழ்வுகளும் உண்டு. எனவே இத்தகைய மீன்களில் கோள் கண்டதாக வரும் அறிவிப்புகளைப் பத்து, இருபது ஆண்டுத் தரவு சேரும் வரை நிறுத்திவைத்துப் படிப்பதே முறை என்று கருதுகிறேன்.

ரோகிணி இப்போது நொடிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால், சுமார் 3,20,000 ஆண்டுகளுக்கு முன் அது 22 ஒளியாண்டுத் தொலைவுக்குள் வந்து போயிருக்கிறது; அந்தக் காலத்தில் வானின் மிகப் பிரகாசமான விண்மீன் அதுவே, இன்றைய சிரியஸுக்கு இணையான ஒளியுடன். அதே வேகம் இன்னொரு செய்தியையும் திருத்துகிறது. 1972இல் ஏவப்பட்டு 2003 ஜனவரியில் கடைசிச் சமிக்ஞை அனுப்பிய பயனியர் 10 விண்கலம், இருபது லட்சம் ஆண்டுகளில் ரோகிணியை அடையும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது செல்லும் திசை ரோகிணியின் திசைதான். ஆனால் அதன் வேகம் நொடிக்கு 12 கிலோமீட்டர் மட்டுமே, விலகிச் செல்லும் மீனின் வேகமோ அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். இருபது லட்சம் ஆண்டு கழித்து விண்கலம் இன்று ரோகிணி இருக்கும் தொலைவை எட்டும்போது, ரோகிணி நம்மிடமிருந்து 400 ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஹையாடெஸின் இன்றைய தொலைவையும் கடந்து போயிருக்கும். அதன் ஒளிர்திறன் அப்படியே இருந்தாலும், பூமியில் இருண்ட வானத்தில் மட்டுமே கண்ணுக்கு மங்கலாகத் தெரியக்கூடிய ஐந்தாம் ஒளியளவு மீனாக அது இறங்கியிருக்கும்.